பிக்அப் இல்லை, சத்தம்தான் இருக்கிறது: ஸ்கூட்டரின் ரோலர் எடையை அறிகுறி பார்த்துத் தீர்மானிக்கும் வழி

ஸ்கூட்டர் இழுக்கவில்லை என்று கொழும்பில் எந்தக் கராஜில் போய் நின்றாலும் அநேகமாக ஒரே யோசனைதான் வரும்: "ரோலரைக் கொஞ்சம் குறைச்சுப் போடுவோம்." ரோலர் என்பது தானாகக் கியர் மாற்றுகிற பகுதிக்குள் உருளும் சின்ன எடை. அதை இலேசாக்குவது சில வேளை சரியாகவும் இருக்கும். பல வேளை உள்ளே பெல்ட் தேய்ந்திருக்கும், அல்லது பழைய ரோலர் தட்டையாகியிருக்கும். எடை குறைந்த புது செட் அந்தக் கோளாறை ஒரு மாதம் மூடி வைக்கும், அவ்வளவுதான்.

ரோலரின் எடை தீர்மானிப்பது ஒன்றே ஒன்றை: முழுதாக முறுக்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் நின்று இழுக்க வேண்டும் என்பதை. அது இன்ஜினுக்கு வலு சேர்ப்பதில்லை. கியர் விகிதத்தின் இரண்டு எல்லைகளையும் மாற்றுவதில்லை. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் முதல் கேள்வி, "இது சுற்றின் பிரச்சினையா, தேய்மானமா?" என்பதுதான்.

உள்ளே நடப்பது

கிராங்க் தண்டின் முனையில் இருப்பது வேரியேட்டர். அதில் இரண்டு தட்டுகள். விசிறி உள்ள தட்டு நகராது. மற்றது தண்டின் நீளத்தில் நகரும். நகரும் தட்டின் பின்புறம் சரிவான ஆறு குழிகளில் ஆறு ரோலர்கள் கிடக்கும். சுற்று ஏற ஏற அவை வெளிப்பக்கம் ஓடித் தட்டைத் தள்ளும். இரண்டு தட்டுக்கும் நடுவில் பெல்ட் நெரிபட்டு மேலே ஏறும். பின்பக்கப் புளியில், அதாவது பெல்ட் ஓடுகிற பின் கப்பியில், ஒரு பெரிய ஸ்பிரிங் இதை எதிர்த்துக்கொண்டிருக்கும். பெல்ட் முன்னால் ஏறினால் பின்னால் இறங்கும். கியர் மாறுவது இப்படித்தான்.

ரோலர் கனமாக இருந்தால் குறைந்த சுற்றிலேயே தட்டு நகர்ந்துவிடும், கியர் சீக்கிரம் உயரும். ரோலர் இலேசாக இருந்தால் அதே தள்ளலுக்கு இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், கியர் தாமதமாக உயரும். நாம் ஓட்டுகிற 110, 125 ஸ்கூட்டர்களில் உச்ச வலு பெரும்பாலும் 7000 முதல் 8000 சுற்றுக்குள் வரும். உங்களுடைய எண் வாகனக் கையேட்டிலேயே இருக்கும். முழுதாக முறுக்கிய இன்ஜினை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வைக்கிற எடைதான் சரியான எடை.

கிளட்ச்சில் உள்ள மூன்று சின்ன ஸ்பிரிங்குகள் வேறு வேலை பார்க்கின்றன. வாகனம் எந்தச் சுற்றில் நகரத் தொடங்கும் என்பதை மட்டும் அவை முடிவு செய்யும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பணம் வீணாகிறது.

கைவைக்க முன்

டயரில் காற்று, பின் பிரேக் உரசுகிறதா என்பது, எயார் பில்டர். இந்த மூன்றும் சரியில்லாமல் எடையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜின் ஓடாதபோது பின் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம், சுற்றை அளக்க ஒரு வழி வேண்டும். நம்முடைய பெரும்பாலான ஸ்கூட்டர்களில் சுற்றுமானி இல்லை. பிளக் வயரின்மேல் சில சுற்றுச் சுற்றிவிடுகிற சின்னக் கருவி மலிவாகக் கிடைக்கிறது, அது போதும். மாட்டியவுடன் ஐட்லிங்கில் பாருங்கள். 1500 முதல் 1800 வரை காட்டினால் அமைப்பு சரி. 800 அல்லது 3400 என்று பாதியாகவோ இரட்டிப்பாகவோ காட்டினால் கருவியின் அமைப்பை மாற்ற வேண்டும். வேகத்துக்குக் கைபேசியின் ஜீபீஎஸ் நல்லது, ஸ்கூட்டரின் வேகமானி வழக்கமாகக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். கைபேசியைப் பார்த்துக்கொண்டு ஓட்டாதீர்கள், பதிவு செய்துவிட்டுப் பிறகு பாருங்கள். ஞாயிறு விடியற்காலையில் பத்தரமுல்லைப் பக்கம் வெறிச்சோடிய நேராக ஒரு துண்டு வீதி கிடைக்கும். 50 வரை போனாலே எடையின் குணம் தெரிந்துவிடும்.

கலர் லைட்டில் எடுக்கும்போது சோம்பலாக இருக்கிறது, முச்சக்கரவண்டி கூட முந்துகிறது

முதலில் காதைக் கொடுங்கள். நின்ற இடத்திலிருந்து முழுதாக முறுக்கினால் இன்ஜின் சத்தம் வேகமாக ஏறி ஒரு சுருதியில் போய் நிற்க வேண்டும். வேகம் கூடிக்கொண்டே போகும், சுருதி மாறாது. பெல்ட் மேலே முட்டிய பிறகுதான் சத்தம் மறுபடி வேகத்தோடு ஏறும். எடை சரியாக உள்ள ஸ்கூட்டரின் அடையாளம் இதுதான். ஒரு தடவை காதில் பிடிபட்டால் பிறகு மறக்காது.

எடுத்தவுடன் சத்தம் ஏறி, பிறகு கும்மென்று அமுங்கி, 20க்கும் 45க்கும் இடையில் இழுத்து இழுத்து ஏறினால் ரோலர் கனம். சுற்றுமானி அந்த இடைவெளியில் 5500, 6000 என்று காட்டும். கையேட்டில் உச்ச வலு 7500 என்றிருக்கும். அந்த வித்தியாசத்தைத்தான் எடை குறைத்து மீட்கிறோம்.

எவ்வளவு குறைப்பது? ரோலர் தட்டைத் தள்ளுகிற விசை எடையோடு நேராகவும், சுற்றின் வர்க்கத்தோடும் கூடுகிறது. அதனால் ஒரு சின்னக் கணக்குப் போடலாம்:

தேவையான எடை = இப்போதைய எடை × (இப்போதைய சுற்று ÷ தேவையான சுற்று)²

உதாரணத்துக்கு, 12 கிராம் ரோலரில் 6500 சுற்றில் நிற்கிறது, உங்களுக்கு 7200 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 6500 ÷ 7200 = 0.903, அதன் வர்க்கம் 0.815, 12ஆல் பெருக்கினால் 9.8 கிராம். இன்னொரு விதமாகச் சொன்னால், எடையைப் பத்து வீதம் குறைத்தால் சுற்று ஐந்து வீதம் அளவில் ஏறும். பின் ஸ்பிரிங்கும் அதனோடு உள்ள, பாரம் ஏறும்போது புளியை நெருக்குகிற முறுக்கு வெட்டு என்ற சரிவான பள்ளமும் கணக்குக்குள் வராததால் இது தொடக்க எண் மட்டுமே. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று கிராம் குறைப்பதைவிட எவ்வளவோ மேல். கணக்கு 9.8 சொன்னால் நான் 10.5இல் தொடங்கி அரைக் கிராமாக இறங்குவேன். கனமான பக்கத்திலிருந்து இறங்கி வரும்போது எங்கே போதும் என்பது தெளிவாகத் தெரியும்.

எடுத்த முதல் ஒன்றிரண்டு மீற்றர்தான் மந்தம், பிறகு நன்றாகப் போகிறது என்றால் அது ரோலர் அல்ல. கிளட்ச் மிகக் குறைந்த சுற்றில் பிடிக்கிறது, அல்லது பெல்ட் தேய்ந்து பின் புளியில் உள்ளே அமர்ந்துவிட்டது.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கும்போது

"நானா, டியோவுக்கு ரோலர் செட் ஒன்று" என்று மட்டும் கேட்டால் "எத்தனை கிராம், தம்பி?" என்ற கேள்வி வரும். அதற்கு ஊகத்தில் பதில் சொல்ல வேண்டாம். உங்கள் ரோலர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வெளிவிட்டமும் அகலமும் முதலில் பொருந்த வேண்டும்; 16×13, 18×14 என்று மில்லிமீற்றரில் சொல்வார்கள். அதன் பிறகுதான் எடை.

மேலே அச்சிட்டிருக்கும் கிராமையும் அப்படியே நம்பக் கூடாது. மலிவு செட்களில் ஆறும் ஆறு எடையில் இருப்பதுண்டு. சட்டைப் பைக்குள் அடங்குகிற டிஜிட்டல் தராசு ஒன்றில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். தராசு இல்லாவிட்டால் செட்டியார் தெருவில் தெரிந்த நகைக்கடையில் கேட்டால் இரண்டு நிமிட வேலை. தேய்ந்த ரோலரை நிறுத்துக் கம்பனி எடையைக் கண்டுபிடிக்கவும் முடியாது, தேய்ந்த அளவுக்கு எடையும் போயிருக்கும். அந்த எண்ணை உதிரிப்பாகப் பட்டியலில் பாருங்கள்.

நடு எடை கிடைக்காவிட்டால் இரண்டு செட் கலக்கலாம். 9 கிராம் மூன்று, 10 கிராம் மூன்று என்றால் சராசரி 9.5. ஒன்றுவிட்டு ஒன்றாக, 9, 10, 9, 10 என்று வைக்க வேண்டும். ஒரே எடையை ஒரே பக்கம் சேர்த்தால் வேரியேட்டர் அதிரும், பேரிங் கெடும்.

வட்ட ரோலருக்குப் பதிலாக ஸ்லைடர் என்று ஒரு பக்கம் தட்டையாக வருவதையும் காட்டுவார்கள். நல்ல பொருள்தான். ஆனால் அதைத் திசை பார்த்துத்தான் போட வேண்டும், ஒன்று திரும்பினாலும் முழு வேரியேட்டரும் இறுகிவிடும். முதல் தடவை எடை மாற்றுகிறவர் வட்ட ரோலரிலேயே நிற்பது நல்லது.

கத்துகிறது, ஆனால் போகவில்லை

எல்லோரும் தடுமாறுகிற இடம் இது. காரணம் மூன்று, சத்தம் ஒன்று.

ரோலர் மிக இலேசு என்றால் கத்தலில் ஒரு ஒழுங்கு இருக்கும். முறுக்கினால் 8500 போய் அங்கேயே நிற்கும், வேகம் மெதுவாக ஆனால் தடையின்றி ஏறும், நாற்றம் இல்லை. பெற்றோல் ஊசி (ஃபியூயல் இன்ஜெக்டர்) வைத்த வாகனங்களில் சுற்று எல்லையைத் தொட்டு விட்டுவிட்டு இழுப்பதும் உண்டு. இலேசு போட்டால் டாப் ஸ்பீட் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் பெல்ட் விளிம்பு வரை ஏறாமல் டாப் குறைவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். எடையை அரைக் கிராம் ஏற்றிப் பாருங்கள்.

பெல்ட் வழுக்கினால் ஒழுங்கே இருக்காது. சத்தம் திடீரென்று துள்ளும், வேகம் அசையாது. கவரைத் திறந்தால் கறுப்புத் தூள் அப்பியிருக்கும், பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போலப் பளபளக்கும். பின் சீலிலிருந்து எண்ணெய் கசிந்து பெல்ட்டில் பட்டாலும் இதே கதைதான். அந்த நிலையில் பெல்ட்டைத் துடைத்துப் போட்டுப் பயனில்லை, சீலையும் பெல்ட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கிளட்ச் வழுக்குவது ஏற்றத்திலும் பின்னால் ஆள் இருக்கும்போதும் தெரியும். எரிந்த பிரேக் மாதிரி ஒரு வாடை வரும். கிளட்ச் கூட்டின் உள்பக்கம் நீலம் பாய்ந்திருந்தால் சந்தேகம் வேண்டாம்.

டாப் ஸ்பீட் போய்விட்டது, முன்பு 80 போன வாகனம் 65இல் நிற்கிறது

ரோலரை வாங்க ஓடாதீர்கள். ஒரு மாக்கர் பேனா போதும். கவரைத் திறந்து, முன் புளியின் நகராத தட்டின் உள்முகத்தில், நடுவிலிருந்து விளிம்பு வரை நேர்கோடு ஒன்று போடுங்கள். மூடிவிட்டு, நகர எல்லைக்கு வெளியே 70 அனுமதிக்கிற வீதியில் ஒரு ஓட்டம் ஓடி மறுபடி திறங்கள். பெல்ட் எதுவரை ஏறியதோ அதுவரை கோடு அழிந்திருக்கும்.

விளிம்புக்குச் சில மில்லிமீற்றர் கிட்ட வரை அழிந்திருந்தால் வேரியேட்டர் தன் வேலையைச் செய்கிறது. பிரச்சினை இன்ஜினிலோ, பிரேக்கிலோ, எயார் பில்டரிலோ. பாதியில் நின்றிருந்தால் ரோலரை எடுத்து வேர்னியர் அளவுகோலில் பல திசையில் அளந்து பாருங்கள். வட்டமாக இருந்த ரோலர் ஒரு பக்கம் தட்டையானால் தட்டை முழுத்தூரம் தள்ளாது. நடுப் புஷ்ஷில் கோடு விழுந்து தட்டு சிக்கினாலும் இதே பலன்தான்.

பெல்ட்டின் அகலத்தையும் அதே வேர்னியரில் பாருங்கள். புதிதைவிட ஒரு மில்லிமீற்றர் குறைந்தாலே கையேடு மாற்றச் சொல்கிற எல்லைக்கு வந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஒடுங்கிய பெல்ட் முன் புளியில் முழு உயரத்துக்கு ஏற முடியாது, டாப் போகும். பின் புளியில் தொடக்கத்திலேயே உள்ளே இறங்கி நிற்கும், பிக்அப்பும் போகும். இரண்டும் ஒரே காலத்தில் மெல்ல மெல்லக் குறைந்தால் என் முதல் சந்தேகம் எப்போதும் பெல்ட்தான்.

பழைய தட்டை ரோலர்களை எடுத்துவிட்டு அதே கம்பனி எடையில் புதியவற்றைப் போட்டவுடன் பலருக்கு வாகனம் சரியாகிவிடும். எடை மாற்ற வேண்டும் என்ற ஆசை அங்கேயே அடங்கிவிடும். சோதனைக்கான அடிப்படையும் அந்தப் புதுக் கம்பனி செட்தான். தேய்ந்த ரோலரோடு ஒப்பிட்டு எடை தேர்ந்தெடுத்தால் கணக்கு எல்லாமே பிழையாகிவிடும்.

எடுக்கும்போது ஸ்கூட்டரின் உடல் நடுங்குகிறது

கிளட்ச். ரோலருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிளட்ச் ஷூவும் கூட்டின் உள்முகமும் பளபளத்திருக்கும். மணல்தாளால் இலேசாக உரசித் தூசியைத் துடைத்தால் பெரும்பாலும் நிற்கும். தூசியை வாயால் ஊதாதீர்கள்.

ஐட்லிங்கில் கடகட என்று தட்டினால் வேரியேட்டரின் பின் தட்டில், அதாவது ரோலர்களைப் பின்னாலிருந்து மூடியிருக்கும் தட்டில், உள்ள சின்ன பிளாஸ்டிக் வழிகாட்டிகள் மூன்றையும் பாருங்கள். மலிவான சாமான், ரோலர் மாற்றும்போது சேர்த்தே மாற்றிவிடலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது முறுக்கினால் பதில் இல்லை

பேஸ்லைன் வீதியில் 40இல் போகிறீர்கள், பஸ் ஒன்றைக் கடக்க முறுக்குகிறீர்கள், ஸ்கூட்டர் யோசிக்கிறது. நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது பிக்அப் சரியாக இருந்து, ஓட்டத்தில் மட்டும் இப்படி என்றால் பின் புளியைப் பாருங்கள். பாரம் ஏறும்போது அதில் உள்ள முறுக்கு வெட்டும் ஊசிகளும் புளியை நெருக்கிக் கியரைக் கீழே இறக்க வேண்டும். கிரீஸ் காய்ந்து ஒட்டிக்கொண்டால், அல்லது பெரிய ஸ்பிரிங் தளர்ந்தால், அது இறங்காது. கழற்றிச் சுத்தம் செய்து, வெப்பம் தாங்கும் கிரீஸை அளவாகப் போட்டால் வாகனம் விழித்துக்கொள்ளும்.

இதற்காகக் கடினமான ஸ்பிரிங் போடச் சொல்வார்கள். அதுவும் சுற்றை ஏற்றும், ஆனால் பெல்ட்டைச் சூடாக்கும், சீக்கிரம் தேய்க்கும். சாதாரண ஓட்டத்துக்குக் கம்பனி ஸ்பிரிங்கே போதும் என்பது என் அபிப்பிராயம். ஸ்பிரிங்கையும் ரோலரையும் ஒரே நாளில் மாற்றவே வேண்டாம், எது என்ன செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

மழைக்குப் பிறகு வழுக்குகிறது

கொழும்பில் ஒரு மணி நேரம் கொட்டினால் எத்தனை சந்தியில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போனால் பெல்ட் வழுக்கும், கத்தும். நிறுத்தி வைத்து முறுக்கிக்கொண்டிருந்தால் ஒரே இடத்தில் உரசிப் பெல்ட் கருகும். பெட்டியின் கீழே வடிகுழாய் இருந்தால் திறந்து தண்ணீரை விடுங்கள். மெதுவாக ஓட்டிக் காய விடுங்கள். ஆழமாகப் போயிருந்தால் கவரைக் கழற்றித் துடைக்க வேண்டும், கியர் எண்ணெயையும் பார்க்க வேண்டும். அது பால் நிறமாயிருந்தால் மாற்றிவிடுங்கள். அந்த வாரத்தில் எடைச் சோதனை எதுவும் வேண்டாம்.

இருவர் ஏறினால் ஏற்றத்தில் திணறுகிறது

கொழும்புக்குள் ஏற்றம் என்று சொல்ல மேம்பாலங்கள்தான். அங்கேயே திணறினால் தேய்மானம் தேடுங்கள். கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தில்தான் திணறல் என்றால், அது 110 இன்ஜினுக்கு உண்மையிலேயே பாரம். மாதம் ஒரு தடவை மலைநாட்டுக்குக் குடும்பத்தோடு போகிறவர் கம்பனி எடையிலிருந்து அரைக் கிராம், மிஞ்சினால் ஒரு கிராம் குறைக்கலாம். வருடத்தில் ஒரு தடவை போகிறவர் அதற்காக மாற்றுவது வீண்.

எடை குறைத்த பிறகு பெற்றோல் குடிக்கிறது

குடிக்கத்தான் செய்யும். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை காலி வீதியில் நாம் ஓட்டுவது பாதி முறுக்கில், முப்பது நாற்பதில். அங்கே இலேசு ரோலர் இன்ஜினைத் தேவையில்லாமல் கூடுதல் சுற்றில் வைத்திருக்கும். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு லீற்றரின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. உணவு டெலிவரிக்குப் பெட்டி கட்டி நாள் முழுக்க ஓடுகிற தம்பிமார் கம்பனி எடையிலேயே இருங்கள், வேண்டுமானால் அரைக் கிராம் மட்டும் குறையுங்கள். கம்பனி எடையைவிடக் கனமாகப் போட்டு மிச்சம் பிடிக்கவும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு சந்தியிலும் இழுக்காமல், நீங்கள் இன்னும் கூடுதலாக முறுக்க வேண்டி வரும்.

மாற்றிய பிறகு புதிதாக ஒரு பிரச்சினை

முன் நட்டை இறுக்கும்போது பெல்ட் இரண்டு தட்டுக்கும் நடுவில் அகப்பட்டால் நட் இறுகியது போலவே இருக்கும். ஓடத் தொடங்கியதும் பெல்ட் நகரும், நட் தளரும், கிராங்க் தண்டின் பற்கள் சிதையும். அது இன்ஜினைப் பிரிக்கிற செலவு. எனவே பின் புளியைக் கையால் விரித்துப் பெல்ட்டை உள்ளே அமுக்குங்கள், முன்னால் பெல்ட் தளர்வாகத் தொங்கட்டும், அதன் பிறகு விசிறி உள்ள முன் தட்டைப் போட்டு நட்டைப் பிடியுங்கள். இறுக்கிய பின் முன் தட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் இடைவெளி இருக்கக் கூடாது. தட்டு சுழலாமல் பிடிக்க உரிய கருவி பாவியுங்கள். விசிறி இதழ்களுக்குள் ஸ்குரூட்ரைவர் விட்டால் இதழ் உடையும். இம்பக்ட் கன்னால் கழற்றலாம், ஆனால் கடைசி இறுக்கலைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டோர்க் ரென்ச்சில் செய்யுங்கள்.

மாற்றியதும் இறுகி, விட்டுவிட்டு இழுத்தால் பின் தட்டு சரிந்து ஒரு ரோலர் குழியைவிட்டு வெளியே வந்திருக்கிறது. பின் தட்டையும் நகரும் தட்டையும் கையால் சேர்த்துப் பிடித்தபடி தண்டில் ஏற்றினால் இது நடக்காது. ரோலரின் ஒரு பக்கம் பிளாஸ்டிக்கால் மூடியிருந்தால் ஆறையும் பழையது இருந்த திசையிலேயே வையுங்கள். ரோலர் குழிகளுக்குக் கிரீஸ் பூசாதீர்கள்; தூசி சேர்ந்து ரோலர் உருளாமல் இழுபட்டுத் தட்டையாகும். சில யமஹா வகைகளில் கிரீஸ் போடச் சொல்லியிருப்பார்கள், கையேடு சொன்னால் மட்டும் போடுங்கள்.

கவர் போல்ட்களின் நீளம் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கலாம். கழற்றிய ஒழுங்கில் ஒரு அட்டைத் துண்டில் குத்தி வைத்தால் திரும்பப் போடும்போது குழப்பம் வராது. கவர் இல்லாமல் இன்ஜினை ஓட விடாதீர்கள். பெல்ட் அறுந்தால் கையோடு போகும். மூடி முடித்ததும் சென்டர் ஸ்டாண்டில் ஒரு தடவை மெதுவாக முறுக்கிச் சத்தம் கேளுங்கள், பிறகு வீதிக்கு எடுங்கள். ஓரிரு நாள் ஓட்டத்துக்குப் பிறகு கவரைத் திறந்து முன் நட்டைச் சரிபார்த்து, மாக்கர் கோட்டை மறுபடி ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.